ஊரறிந்த சாட்சி

தமிழ்ப் புராட்டஸ்டண்டுத் திருச்சபைகளில் ‘சாட்சி சொல்லுதல்’ என்று வழங்கப்படும் வழக்கம், விசுவாசி ஒருவர் தம் வாழ்வில் கடவுள் செய்ததாகத் தாம் நம்பும் ஒன்றைப் பிறர் முன்னிலையில் தம் வாயாலேயே எடுத்துரைப்பதைக் குறிக்கும். பிரசங்கம் வேதப்பகுதி ஒன்றை விளக்குவது. அதற்குப் பயிற்சியும் சபையின் நியமனமும் வேண்டும். சாட்சிக்கோ குருப்பட்டமும் வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை என்பதால், பிரசங்க பீடத்தில் ஏற இடம் பெறாத பெண்களும் கூலித் தொழிலாளரும் சபை நடுவே எழுந்து நின்று பேசுவதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பாக அது பல தலைமுறைகளுக்கு இருந்துவந்துள்ளது. உள்ளத்திலிருந்து தானாகப் பொங்கி வரும் பேச்சு என்றே அதனைப் பொதுவாகக் கருதுகின்றனர். ஆயினும் சாட்சி என்பது கற்றுக்கொள்ளப்படும் ஒரு வடிவம் என்பதும், அதற்கென்று முன்மாதிரிகளும் ஒழுங்கும் உண்டு என்பதும், எளிதில் மிகைப்பேச்சாகிவிடும் இயல்பு அதற்கு இருப்பதும் அதன் வரலாற்றைப் பின்தொடர்வோர்க்குப் புலப்படும். அந்த மிகையினின்று அதனைக் காத்தவர்கள் பெரும்பாலும் கேட்போரே. அதாவது, சொல்பவரை ஏற்கெனவே அறிந்திருந்து, வேண்டுமானால் அவரை மறுத்துப் பேசவும் கூடிய கேட்போர்.

புதிய ஏற்பாட்டிலேயே இதற்கான தடயங்கள் உள்ளன. மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளில் திரிந்துகொண்டிருந்து குணமான மனிதன் இயேசுவோடு கூடவே வர அனுமதி கேட்கும்போது, அவர் அதை மறுத்து, அவனை அவன் வீட்டாரிடமும் இனத்தாரிடமும் போய்ச் சொல்லும்படி அனுப்புகிறார். அறியாத ஊர்களில் அவனைக் கூட்டிச் சென்று காட்டியிருந்தால் வியப்பு கூடியிருக்கலாம். ஆனால் சங்கிலியால் அவனைக் கட்டிப்போட்டுப் பார்த்த ஊராருக்குத்தான் மாற்றத்தின் அளவு தெரியும். யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரமோ ஏறத்தாழ ஒரு குறுக்கு விசாரணையின் பதிவாகவே அமைந்துள்ளது. பார்வை பெற்றவன் உட்கார்ந்து பிச்சை கேட்டவன்தானா, அவனைப் போன்ற வேறொருவனா என்று அண்டை வீட்டார் தமக்குள் வாதிடுகின்றனர், பெற்றோர் வரவழைக்கப்படுகின்றனர், அவர்களும் அஞ்சி, மகனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒதுங்குகின்றனர். இத்தனைக்கும் நடுவே அவன் தனக்குத் தெரிந்ததற்கு அப்பால் ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்ல மறுக்கிறான்: குணமாக்கியவர் பாவியா இல்லையா என்பது தனக்குத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, முன்பு பார்வையற்றிருந்ததையும் இப்போது காண்பதையும் மட்டுமே உறுதியாகக் கூறுகிறான். அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையே கோடு போட்டுப் பேசும் இந்தச் சாட்சியே சுவிசேஷங்களில் உள்ளவற்றுள் மிக நேர்த்தியானது எனலாம்.

பவுலின் மனமாற்றம் அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று முறை சொல்லப்படுகிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் நூலாசிரியரே அதை விவரிக்கிறார். இருபத்திரண்டாம் அதிகாரத்தில் எருசலேம் கூட்டத்தார் முன்பும், இருபத்தாறாம் அதிகாரத்தில் அகிரிப்பா அரசன் முன்பும் பவுலே பேசுகிறார். நிகழ்ச்சி ஒன்றுதான்; ஆனால் சொல்முறை கேட்போருக்கேற்ப மாறுகிறது. யூதக் கூட்டத்தின் முன், தமஸ்குவில் தமக்கு வழிகாட்டிய அனனியா நியாயப்பிரமாணத்தின்படி நடக்கும் பக்திமான் என்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அரசன் முன்னோ அனனியாவின் பெயரே வருவதில்லை. சாட்சி இயல்பாகவே வடிவமைக்கப்படுவது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று கிறிஸ்தவ மரபில் தேட வேண்டியதில்லை. அதே வேளையில் இரு உரைகளிலும் மாறாத ஒன்று உண்டு: தம் பழைய வாழ்க்கைக்கு எதிர்த்தரப்பினரையே சாட்சியாக அழைக்கிறார் பவுல். பிரதான ஆசாரியனுக்கும் மூப்பருக்கும் தம் பழைய செயல்கள் தெரியும் என்கிறார். இளமை முதல் தாம் வாழ்ந்த முறையை யூதர் அனைவரும் அறிவர், அவர்கள் விரும்பினால் சொல்லட்டும் என்கிறார். விரும்பியவாறு கதையை அடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர், பொய் சொல்லும் வசதியைத் தமக்குத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

நான்காம் நூற்றாண்டின் ரோமாபுரியில் இதே பிரச்சினை வேறு உருவில் எழுந்தது. அகஸ்தீன் 397-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலின் எட்டாம் பகுதியில் விக்டோரினஸ் என்னும் புகழ்பெற்ற சொல்லணி ஆசிரியரின் செய்தி வருகிறது. நெடுங்காலம் வேதத்தை வீட்டிலிருந்தே படித்து, தாம் உள்ளூரக் கிறிஸ்தவர்தான் என்று நண்பரிடம் தனியே சொல்லிவந்த அவர், ஞானஸ்நானம் பெற முன்வந்தபோது, அவருடைய சமூக மதிப்பைக் கருதி, விசுவாச அறிக்கையை மறைவாகச் செய்துகொள்ளலாம் என்று குருமார் சலுகை காட்டினர். அச்சத்தாலும் கூச்சத்தாலும் தயங்குவோர்க்கு வழக்கமாக அளிக்கப்பட்ட சலுகை அது. அவர் அதை ஏற்கவில்லை. சபையார் அனைவரும் காண உயரமான இடத்தில் ஏறி நின்று அறிக்கையிட்டார். அகஸ்தீன் இந்தச் செய்தியைக் கேட்டுத் தாமும் அவ்வாறே செய்ய வேண்டும் எனத் துடித்ததாக எழுதுகிறார்; அடுத்து எகிப்தியத் துறவி அந்தோனியின் வாழ்க்கையைக் கேட்கிறார்; 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் அவருடைய போராட்டம் முடிவுக்கு வருகிறது. ஒருவர் கதை மற்றொருவர் கதையைப் பிறப்பிக்கும் இந்தத் தொடர்ச்சியைப் பின்வரும் நூற்றாண்டுகளிலும் காணலாம்.

தனிமனித அனுபவத்தைச் சபை உறுப்புரிமைக்கே நிபந்தனையாக்கியவர்கள் வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சடங்குகளினின்று தூய்மைப்படுத்த விழைந்த கடுஞ்சீர்திருத்தக்காரர்கள். 1630-களின் நடுப்பகுதி தொடங்கி, சபையில் சேர விரும்பும் ஒவ்வொருவரும் கடவுளின் கிருபை தம்மில் செயல்பட்ட விதத்தை உறுப்பினர் முன் எடுத்துரைக்க வேண்டும் என்னும் விதி அங்கே பரவியது. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் ஊர்ப் போதகர் தாமஸ் ஷெப்பர்டு தம் சபையில் சொல்லப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட அறிக்கைகளைக் கைப்பட எழுதி வைத்தார். அவற்றுள் வீட்டு வேலைக்காரப் பெண்களின் சொற்களும் ஹார்வர்டு மாணவரின் சொற்களும் அருகருகே இடம்பெற்றுள்ளன. வரலாற்றாசிரியர் எட்மண்டு மார்கன் 1963-இல் வெளியிட்ட ‘விசிபிள் செய்ன்ட்ஸ்’ நூலில், இந்த அறிக்கைகளுக்குப் பின்னே ஏறத்தாழ ஒரே படிவரிசை இருந்ததைக் காட்டினார்: பாவ உணர்வு, அச்சம், நம்பிக்கையின் முதல் ஒளி, மீண்டும் ஐயம், பின்னர் முழுமை பெறாத ஓர் உறுதி. அந்த உறுதி முழுமை பெறாதிருப்பதே உண்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது என்பது இன்றைய வாசகருக்கு விந்தையாகத் தோன்றலாம்; எல்லாம் தெளிந்துவிட்டதாக மார்தட்டியவரையே அவர்கள் ஐயத்தோடு நோக்கினர். பேசியவரின் நடத்தையை அண்டையில் வாழ்வோர் அறிந்திருந்தனர். அவர்கள் அவரைக் கேள்வி கேட்டனர், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். ஆயினும் சாட்சியைச் சட்டமாக்கியதன் விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது. அமைதியான கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க திருப்பம் எதுவும் வாழ்வில் நேரவில்லை. அவர்கள் சபைக்கு வெளியே நின்றனர். 1662-இல் அவர்களின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் மட்டும் அளித்து, திருவிருந்திலும் வாக்குரிமையிலும் பங்கு மறுக்கும் ‘பாதி உடன்படிக்கை’ ஏற்பாட்டுக்குச் சபைகள் இறங்கிவர நேர்ந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் பெட்ஃபர்டு சிறையில் இருந்த ஜான் பன்யன் 1666-இல் தம் ஆன்மிக வரலாற்றை வெளியிட்டார். தம்மைப் பாவிகளில் தலையாயவராக அவர் நூலின் பெயரிலேயே அறிவித்துக்கொண்டாலும், அவர் அடுக்கும் பாவங்களுள் முன்னிற்பவை வாய்க்கு வந்தபடி ஆணையிடுவது, கோயில் மணி அடிப்பதில் மோகம், நடனம், ஓய்வுநாளில் நம்மூர்க் கிட்டிப்புள்ளை ஒத்த விளையாட்டு ஆடியது ஆகியவையே. முந்தைய வாழ்வை இருட்டாகத் தீட்டினால்தான் பிந்தைய ஒளி தெரியும் என்னும் நெருக்கடி அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் அந்நூலின் மிக உண்மையான பகுதி வேறு. பாத்திரம் பழுது பார்க்கும் தொழிலுக்காகப் பெட்ஃபர்டுத் தெருவில் சென்ற பன்யன், வெயிலில் வாசற்படியில் அமர்ந்து மூன்று நான்கு ஏழைப் பெண்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிறார். அவர்கள் அவருக்காகப் பேசவில்லை. தங்கள் உள்ளத்தில் நிகழ்ந்தவற்றைத் தமக்குள்ளேயே பகிர்ந்துகொண்டிருந்தனர். மதத்தைப் பற்றித் தாமும் சரளமாகப் பேசக்கூடியவர் என்று நினைத்திருந்த அவருக்கு, அந்தப் பேச்சின் பொருளே புரியவில்லை. அவரைப் பின்னர் அவர்களுடைய சபைக்குக் கொண்டுசேர்த்தது அந்தப் பெண்களின் உரையாடல்தான். ஆங்கில இலக்கியத்தின் மிகப் பரவலான சமய நூல்களுள் ஒன்றின் பின்னணியில், பெயர் பதிவாகாத சில பெண்களின் திண்ணைப் பேச்சு இருக்கிறது.

சாட்சி நேர்ப்பேச்சிலிருந்து அச்சுக்குப் பெருமளவில் மாறியது ஜெர்மானியப் பக்தி இயக்கத்தின் காலத்தில். சடங்கு நம்பிக்கையைவிட உள்ளத்தின் மறுபிறப்பை வலியுறுத்திய அவ்வியக்கத்தின் தலைவருள் ஒருவரான ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, 1687-இல் லூனெபுர்க் நகரில் உயிருள்ள விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்க ஆயத்தம் செய்தபோது, அந்த விசுவாசம் தம்மிடமே இல்லை என்று கண்டு கலங்கியதையும், அந்தக் கலக்கம் ஓர் இரவில் நீங்கியதையும் எழுதினார். அவர் நடத்திய ஹாலே நிறுவனங்களிலிருந்துதான் சீகன்பால்கு, புளூட்ச்சோ என்னும் மிஷனெரிகள் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். அங்கிருந்து சென்ற மடல்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் ஹாலேயில் அச்சாகி, பணிக்கு நன்கொடை அளித்த ஐரோப்பிய வாசகரைச் சென்றடைந்தன. தமிழர் சிலரின் மனமாற்றச் செய்திகளும் அவற்றில் இடம்பெற்றன. இங்கே ஒரு முறிவு நேர்ந்தது: தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த ஒருவரின் கதையை, அவரை ஒருபோதும் காண வாய்ப்பில்லாத வாசகர், வேறொருவரின் எழுத்தில் படித்தனர். எழுதியவர்கள் பொய்யர் என்பது இதன் பொருளன்று; அவர்களுள் பலர் கூரிய கண்ணுடைய பதிவாளர்கள். ஆயினும் கதைக்கு உரியவரும் அதைச் சோதிக்கக்கூடியவரும் ஒருசேர விலகிப்போன இடத்தில், கேட்போரின் எதிர்பார்ப்பே கதையின் உருவை முடிவு செய்யத் தொடங்குகிறது.

இதற்கு மாற்றான வழிகளும் அதே நூற்றாண்டில் இருந்தன. 1760-இல் தரங்கம்பாடிக்கு அருகே குடியேறிய மொராவியச் சகோதரர்களின் மரபில், ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதிவைப்பர். முடிவுப் பகுதியைக் குடும்பத்தார் அல்லது சபையார் நிறைவு செய்ய, அடக்க ஆராதனையில் அது வாசிக்கப்படும். சவப்பெட்டியருகே நின்று கேட்போர் எல்லாரும் இறந்தவரோடு வாழ்ந்தவர்கள் என்பதால், அங்கே மிகைக்கு இடம் குறைவு. ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுச் சங்கங்களில் உருவான வகுப்புக் கூட்டமும் இத்தகையதே. 1742-இல் பிரிஸ்டல் நகரில், வழிபாட்டு மனையின் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி திரட்டும் ஏற்பாடாகத் தொடங்கிய அது, ஏறத்தாழப் பன்னிருவர் கொண்ட குழுவின் தலைவர் வீடு வீடாகப் போனபோது உறுப்பினரின் உண்மையான நிலை தெரியவர, ஒருவர் மற்றவரின் ஆன்மிக வாழ்வை வாரந்தோறும் விசாரித்துப் பேசும் அமைப்பாக உருமாறியது. வசூல் நோட்டிலிருந்து பிறந்த ஒழுங்கு என்று சிரிக்கத் தோன்றினாலும், மெதடிசத்தின் வலிமையில் அதற்கு இருந்த பங்கு பெரிது.

தமிழகத்தின் தென்கோடியில் நிகழ்ந்தது முற்றிலும் வேறான ஒன்று. திருநெல்வேலிச் சீமையில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தும், குறிப்பாக 1877-ஐ ஒட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின்னரும், கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள் பெரும்பாலும் குடும்பங்களாகவும் ஊர்களாகவும் வந்தனர். முடிவு கூடிப் பேசி எடுக்கப்பட்டது. அவர்களிடம் கேட்கப்பட்டவை விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த ஜெபம் ஆகியவையே தவிர, தனிப்பட்ட வாழ்க்கைக் கதை அன்று. ‘எந்த நாளில், எந்த மணியில் இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்னும் கேள்வி பிற்கால எழுப்புதல் இயக்கங்களின் வழியாகத் தமிழ்ச் சபைகளில் வலுப்பெற்றது. தனிமனித மனமாற்றக் கதை தொடக்கத்தில் கல்வி பெற்ற சிலரிடமே தோன்றியது. அவர்களுள் தலையாயவர் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. அவர் தம் மனமாற்றத்தை உரைநடையில் எழுதிவைத்ததுண்டு எனினும், 1894-இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ வழியாகவே நிலைபெற்றார். பன்யனின் பயணக் கதையைத் தழுவி, கம்பனின் நடையில் தோய்ந்து எழுந்த அக்காப்பியத்தில், தம் அனுபவத்தை ‘நான்’ என்னும் சொல்லின்றியே அவர் வைத்துவிட்டார் என்று கருத இடமுண்டு. தன்னை முன்னிறுத்திப் பேசுவதில் பழந்தமிழ் மரபுக்கு இருந்த கூச்சத்தோடு ஐரோப்பியச் சாட்சி வடிவம் செய்துகொண்ட சமரசம் என இதனைக் கொள்ளலாம். ஆழ்வார்களும் நாயன்மார்களும் உருகிப் பாடிய தன்மைக் கூற்றும் அவர் செவியில் இருந்தது என்பதால், இந்த முடிவை முற்றும் முடிந்ததாகச் சொல்லவும் இயலாது.

இந்தியச் சாட்சி நூல்களுள் நேர்மையில் தனித்து நிற்பது பண்டித ரமாபாய் 1907-இல் வெளியிட்ட சிறு நூல். புராணம் வாசித்து ஊர் ஊராகச் சென்ற பிராமணக் குடும்பத்தில் 1858-இல் பிறந்த அவர், 1870-களின் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பெற்றோரை இழந்தவர். வடமொழிப் புலமைக்காகக் கல்கத்தாவில் பட்டம் பெற்றவர். 1883 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரில் ஞானஸ்நானம் பெற்றவர். மதம் மாறியதற்காகத் தாயகத்தில் கடுஞ்சொல்லும், திரித்துவம் முதலியவற்றைக் கேள்வி கேட்டதற்காக ஆங்கிலிக்கன் சகோதரியரிடம் கண்டிப்பும் அவருக்குக் கிடைத்தன. அந்நிலையில், ஞானஸ்நானத்தையே வெற்றியின் உச்சமாகக் காட்டி நூலை முடித்திருக்கலாம். அவர் எழுதியதோ, அன்று தமக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதமே என்றும், அம்மதத்தின் உயிரான கிறிஸ்துவைத் தாம் கண்டடைய மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின என்றும். வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலக் குருவானவரின் வரலாற்றைப் படித்ததும் அந்தத் தெளிவுக்கு ஒரு காரணம் என்று அவர் குறிக்கிறார். ஹாஸ்லமோ தம் பிரசங்கத்தாலேயே பீடத்தில் நிற்கும்போது மனமாற்றம் அடைந்தவராக அறியப்பட்டவர், ஃபிராங்கேயின் கதைக்கு ஏறத்தாழ இரட்டைப் பிறவி. ஆக, ரமாபாயின் அனுபவமும் முன்னோர் வார்த்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. அதனால் அது பொய்யாகிவிடவில்லை. எந்த நூல் தம்மை அசைத்தது என்பதை அவரே சொல்லிவிடுவதால், வாசகர் அந்த அச்சையும் சேர்த்தே பார்க்க முடிகிறது. அவரைச் சுற்றிக் கேட்போராக இருந்தவர்களோ, அவர் நடத்திய முக்தி மிஷனில் அவரோடு அன்றாடம் வாழ்ந்த விதவைகளும் பஞ்சத்தில் மீட்கப்பட்ட சிறுமிகளும்.

சாது சுந்தர் சிங்கின் நிலை இதற்கு நேர்மாறானது. பாட்டியாலாச் சமஸ்தானத்தின் சீக்கியக் குடும்பமொன்றில் 1889-இல் பிறந்து, 1904 டிசம்பரில் தாம் கண்டதாகக் கூறிய தரிசனத்திற்குப் பின் 1905-இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்ற அவர், காவியுடையில் 1918-இல் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தபோது பெருங்கூட்டங்கள் திரண்டன. பாளையங்கோட்டையில் வேரூன்றிய குடும்பத்தைச் சேர்ந்தவரும் பிற்காலப் பேராயருமான ஏ. ஜே. அப்பாசாமி, பி. எச். ஸ்ட்ரீட்டருடன் இணைந்து 1921-இல் சாதுவைப் பற்றிய நூலை எழுதினார். சாது மேடைகளில் சொன்னவை திபெத்தில் நேர்ந்த துன்பங்கள், கயிலைச் சாரலில் கண்ட முதுமுனிவர், நாற்பது நாள் நோன்பு முதலிய செய்திகள். இவற்றை உறுதி செய்யவோ மறுக்கவோ கூடியவர் கேட்போருள் எவரும் இல்லை. ஐரோப்பியப் பயணத்திற்குப் பின் இந்தச் செய்திகள் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கடும் விவாதமாயின. சூரிச் நகரின் ஆஸ்கர் ஃபிஸ்டர் உளப்பகுப்பாய்வு நோக்கில் தாக்க, சமய ஆய்வாளர் ஃபிரெடரிக் ஹைலர் சாதுவின் பக்கம் நின்றார். சாதுவின் எளிமையையும் ஜெப வாழ்வையும் நேரில் கண்டவர்கள் ஐயுறவில்லை. தொலைவில் நிகழ்ந்தவையாகச் சொல்லப்பட்டவையே ஐயத்திற்கு உள்ளாயின. கண்டவற்றால் மதிக்கப்பட்டவர், காணாதவற்றால் வழக்காடப்பட்டார். அவர் 1929-இல் திபெத்தை நோக்கிச் சென்று திரும்பாததால் அந்த வழக்கு தீர்ப்பின்றியே நின்றுபோயிற்று.

சாட்சியை மேடையினின்று மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்தவருள் குறிப்பிடத்தக்கவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றுவதற்குக் காரணமானவருள் ஒருவராகி, நிஜாம் ஆட்சிப் பகுதியின் தோர்ணக்கல்லுக்குத் தாமே மிஷனெரியாகச் சென்று, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர் அவர். அங்குள்ள விசுவாசிகளுள் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த, எழுத்தறிவற்ற தலித் மக்கள். ஞானஸ்நானம் பெற்றோரைத் தம் தலைமேல் தாமே கைவைக்கச் சொல்லி, தாம் ஞானஸ்நானம் பெற்றவர், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தமக்கு ஐயோ என்னும் பொருள்பட வார்த்தைக்கு வார்த்தை சொல்ல வைப்பது அசரியாவின் வழக்கம். குருவானவரின் கை தலைமேல் வரும்வரை காத்திருக்கப் பழகியவர்களுக்கு, தம் கையே தம்மை நியமிக்கிறது என்பதை உடலால் உணர்த்திய சடங்கு அது. ஆண்டுதோறும் ‘சாட்சி வாரம்’ என ஒன்றை ஏற்படுத்தி, சபையார் அனைவரும் அண்டை ஊர்களுக்குப் போய்த் தம் அனுபவத்தைச் சொல்லவும் செய்தார். அவர்கள் பேசிய கேட்போர் தினமும் வயலில் அவர்களைக் கண்டவர்கள், அவர்களை வேலை வாங்கிய நிலவுடைமையாளர்கள். குடியை விட்டது, வீட்டைத் துப்புரவாக வைத்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது ஆகியவை பேச்சுக்கு முன்னரே ஊர் கண்டவை. ஜே. வாஸ்கம் பிக்கட் 1933-இல் வெளியிட்ட ஆய்விலும் அசரியாவின் எழுத்திலும், தெலுங்குப் பகுதிகளில் சாதிப் படிநிலையில் இவ்விசுவாசிகளுக்கு மேலிருந்தோர் சிலரும் இம்மாற்றங்களைக் கண்டே சபையை நாடிய செய்தி பதிவாகியுள்ளது. சாதியமைப்பில் கீழிருப்பவர் பேச, மேலிருப்பவர் கேட்டது என்னும் தலைகீழாக்கத்தின் அரசியல் பொருளை அன்றைய மிஷனெரிகளுள் பலர் போதிய அளவு கவனிக்கவில்லை. அசரியாவுக்கு அது தெரிந்தே இருந்தது.

இன்றைய தமிழ்ச் சபைகளில் இருவகைச் சாட்சிகளும் உயிரோடு உள்ளன. தென்னிந்தியத் திருச்சபை ஊர்க்கோயில்களில் ஞாயிறு ஆராதனையின்போது ‘ஸ்தோத்திர காணிக்கை’ உறைகள் படிக்கப்படுவதுண்டு: மகள் சுகமாகப் பிரசவித்ததற்காக, மகன் தேர்வில் தேறியதற்காக, விபத்தில் உயிர் பிழைத்ததற்காக என்று ஒற்றை வரிக் காரணமும் குடும்பப் பெயரும் சொல்லப்படும். அடுத்த பெஞ்சில் இருப்பவர் அந்த ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனவராகவே இருப்பார். சாட்சியின் மிகச் சிறிய, மிக நம்பகமான வடிவம் இந்த உறைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. பெந்தெகொஸ்து சபைகளிலும் வீட்டுக் கூட்டங்களிலும் பாட்டுக்கும் செய்திக்கும் இடையே வரும் சாட்சி வேளை சற்று நீண்டது. ‘சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்று பாஸ்டர் இரண்டு முறை நினைவூட்டியும் நீள்வது. ஆயினும் அங்கும் கேட்போர் அறிந்தவர்களே. கன்வென்ஷன் மேடையிலும் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் நிலைமை மாறுகிறது. பேசுபவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர், அங்கே அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது கேட்போருக்குத் தெரியாது. நோய் நீங்கியதற்கும் விசா கிடைத்ததற்கும் முதல்நாள் மட்டுமே பதிவாகிறது, ஓராண்டு கழிந்த நிலை பதிவாவதில்லை. நோய் நீங்காதவரின் சாட்சிக்கோ அந்த மேடையில் இடமே இல்லை. குணமாகாமலும் விசுவாசத்தில் நிலைத்தவர் ஒவ்வோர் ஊர்ச்சபையிலும் உண்டு. அவர்களை எழுப்பிப் பேசச் சொல்லும் வழக்கம் அருகியே காணப்படுகிறது.

பிற சமயத்தார் முன் சொல்லப்படும் சாட்சிக்கு மற்றோர் எல்லையும் உண்டு. தாம் கண்டதைப் பற்றி மட்டுமே சாட்சி பேசலாம் என்பது நீதிமன்ற மரபு. விசுவாசச் சாட்சிக்கும் அது பொருந்தும். தம் வாழ்வில் நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கி, அண்டை வீட்டாரின் தெய்வத்தையும் வழிபாட்டையும் இழித்துரைப்பதில் முடியும் பேச்சு, தனக்குரிய எல்லையைத் தாண்டிவிடுகிறது. இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இங்கேதான் கோடு போட முயன்றுள்ளது. அரசமைப்பின் 25-ஆம் பிரிவில் மதத்தைப் பரப்பும் உரிமை இடம்பெற வேண்டுமா என்னும் விவாதம் 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எழுந்தபோது, அதை ஆதரித்துப் பேசிய டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்றார். இதுவும் ஒருவகைச் சாட்சியே. ஓர் இந்து, கிறிஸ்தவரைப் பற்றிச் சொன்னது. 1977-இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தம் சமயக் கொள்கையை எடுத்துரைக்கும் உரிமை உண்டென்றும், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றும் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு பல மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றில் ‘ஆசை காட்டுதல்’ என்பதற்குத் தரப்படும் விரிந்த வரையறைகள், நேர்மையான அனுபவப் பகிர்வையும் குற்றத்தின் விளிம்புக்குத் தள்ளக்கூடியவை என்னும் அச்சம் நியாயமானதே.

அமெரிக்க மெதடிஸ்டு மிஷனெரி ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் 1920-களில் நடத்திய வட்டமேசைக் கூட்டங்கள் இந்தச் சிக்கலுக்கு அழகானதொரு தீர்வைக் காட்டின. இந்து, முஸ்லிம் முதலிய பல சமயத்தாரும், அவர்களைவிடக் குறைந்த எண்ணிக்கையில் கிறிஸ்தவரும் ஒன்றாக அமர்வர். கொள்கை வாதம் கூடாது. தத்தம் சமயம் அன்றாட வாழ்வில் தமக்கு என்ன செய்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். 1928-இல் அவர் எழுதிய நூலில் இக்கூட்டங்களின் பதிவு உள்ளது. முடிவில் கிறிஸ்துவே மேலோங்கி நின்றார் என்று ஜோன்ஸ் நம்பினார்; மேசையின் மறுபுறம் இருந்தவர்கள் எழுதியிருந்தால் அந்த முடிவு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் சாட்சி சொல்லும் உரிமையோடு சாட்சி கேட்கும் கடமையும் சேர்ந்தே வரும் என்று அமைப்பிலேயே உறுதி செய்தது அவருடைய முக்கியமான பங்களிப்பு. யாழ்ப்பாணத்தவரான டி. டி. நைல்ஸ் 1951-இல், சுவிசேஷம் அறிவிப்பவரைச் சோறு கிடைக்குமிடத்தைச் சக இரவலருக்குக் காட்டும் ஓர் இரவலராக உருவகித்ததும் இதே மனநிலையின் வெளிப்பாடு; தருபவராக உயரே நின்று பேசும் தோரணைக்கு அதில் இடமில்லை.

தமிழ்ச் சபைகள் இன்று செய்யக்கூடியது பெரிய காரியம் அன்று. வெளியூர்ச் சாட்சியாளர் ஒருவரை மேடையேற்றும் முன், அவருடைய ஊர்ச்சபையின் போதகரிடமும் மூப்பரிடமும் விசாரிக்கலாம். குணமானதாகச் சொல்பவரை ஓராண்டு கழித்து மீண்டும் பேசச் சொல்லலாம். குணமாகாதவருக்கும் அதே நேரத்தை ஒதுக்கலாம். பிற சமயத்தாரை அழைத்த கூட்டத்தில் அவர்களும் பேச இடம் விடலாம். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டியதில்லை, சினாடின் தீர்மானமும் வேண்டியதில்லை. ஊர்ச்சபையின் மூப்பர் குழு அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம்.